பெயர் இல்லையென்றால் காதலும் இல்லையா?

பெண்ணைப் பெண் காதலிப்பதற்குத் தமிழில் சொல்லே கிடையாது, எனவே அது மேற்கின் இறக்குமதி என்கிறார் லாஸ்பேட்டை நண்பர். 'லெஸ்பியன்' என்பதும் முதலில் லெஸ்பாஸ் என்ற கிரேக்கத் தீவைச் சேர்ந்தவர் என்றே பொருள்பட்டது. சுமார் 2,600 ஆண்டுகளுக்கு முன் அங்கே பெண்கள்மீதான காதலைப் பாடியவர் சாஃபோ. அவரை வைத்து இன்றைய பொருள் நிலைத்ததோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதுவரை ஐரோப்பாவில் அந்தக் காதலே இல்லையா?

தமிழிலும் சொல் இல்லாமல் இல்லை. நாம் வழங்கிவந்த 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல் உடலை மட்டுமே பார்த்தது. 'தன்பாலீர்ப்பு' மனத்தையும் பார்க்கிறது.

ஒருவரையொருவர் காதலித்து, மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பிவந்த இரு பெண்களின் வழக்கில், 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்களுக்குத் துணைநின்றார். அவ்வழக்கின் தொடர்ச்சியாகவே 2022இல் தமிழக அரசு தன்பாலீர்ப்பு உள்ளிட்டவற்றைக் குறிக்கும் கண்ணியமான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அகராதியைப் பார்த்து அந்தப் பெண்கள் காதலிக்கவில்லை. அந்தப் பட்டியலைப் படித்துவிட்டுப் பேசுங்கள், நண்பரே.