சேர்ந்து எழுதட்டும் பிள்ளைகள்

மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2015-இல் டேப்லெட் கொடுத்தார்கள். பாடநூல்களை அதற்குள் ஏற்றிவிட்டால் பையின் கனம் குறையும் என்பது நோக்கம். காகிதத்தில் இருந்த பாடம் திரைக்கு வந்தது. பிள்ளையின் வேலை மட்டும் மாறவில்லை. 2020 ஊரடங்கிலும் இதே கதைதான். பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது, விடையை நோட்டில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினார்கள். வகுப்பறைக்குள் திரை நுழைந்துவிட்டது. அதில் எழுதக் கற்றுத்தரத்தான் ஆளில்லை.

கூகுள் டாக்ஸ், விக்கி போன்று பலர் ஒரே பக்கத்தில் எழுதித் திருத்தும் கருவிகளை நம் தமிழ் வகுப்புகளுக்குக் கொண்டுவர வேண்டும். மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழும் அதில் ஒன்று. அந்தத் தமிழ்ப் பள்ளிகளில் படிக்கும் தாராவிப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து இன்னும் கைவசம் இருக்கிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஆங்கில வழியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலரோ வீட்டில் தமிழ் பேசுவதோடு சரி. 'சாப்டாச்சா' என்பதைக்கூட ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். இரு தரப்பும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்தால் இருவருக்கும் ஆதாயம்.

எழுதுவதற்குப் பொருள் தேடி அலைய வேண்டாம். தாராவியின் தொண்ணூறு அடி சாலையில் பொங்கலன்று வரிசையாகப் பானை வைப்பதைப் பற்றி நாலு பேர் எழுதட்டும். ஒருத்தி பார்த்ததை எழுதுவாள். அடுத்தவன் 'கறும்பு' என்றிருப்பதைக் 'கரும்பு' என்று திருத்துவான். மூன்றாமவள், "எந்த வருஷத்திலிருந்து வைக்கிறார்கள், யார் சொன்னது?" என்று ஓரத்தில் கேட்பாள். பதில் தெரிய நாலாமவன் பாட்டியிடம் போயாக வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்குத் தாராவி வந்தவர்களின் கதை இன்னும் பெரியவர்கள் வாயில்தான் இருக்கிறது. மறுமேம்பாட்டுத் திட்டம் தாராவியின் முகத்தையே மாற்றப்போகும் வேளையில், அதை எழுதிவைக்கப் பேரப்பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர் யார்?

இதில் சறுக்கலும் உண்டு. 2011-இல் விக்கிமீடியா அறக்கட்டளை புனே கல்லூரிகளில் விக்கிப்பீடியாவில் எழுதும் பயிற்சியைத் தொடங்கியது. மாணவர் பலர் கண்ட இடத்திலிருந்து எடுத்து ஒட்டினார்கள். பதிப்புரிமை மீறல் குவிந்தது. ஆண்டு முடிவதற்குள் பணியை நிறுத்தவேண்டி வந்தது. மாணவர் ஏராளம், வழிகாட்ட ஆள் குறைவு. கருவியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இன்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் கட்டுரையே வந்து விழுகிறது. அதனால்தான் முடிந்த பக்கத்துக்கு மட்டும் மதிப்பெண் போடுவது வீண். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை இந்தக் கருவிகள் சேமித்துவைக்கின்றன. ஒரே நொடியில் முழுப் பத்தியும் வந்து உட்கார்ந்திருந்தால் அதில் தெரிந்துவிடும். ஆசிரியர் அந்த வரலாற்றைப் பார்த்து, திருத்தத்துக்கும் கேட்ட கேள்விக்கும் மதிப்பெண் தரட்டும். நாலு பேரில் ஒருத்தரே எழுதி மற்றவர் பெயர் போட்டுக்கொள்ளும் வழக்கமும் அதோடு ஒழியும்.

"எங்கள் வீட்டில் ஒரே போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப்போய்விடுவார்" என்பது நியாயமான மறுப்பு. ஆகவே இதை வீட்டுப்பாடமாக்கக் கூடாது. பள்ளிக் கணினி அறையில், ஒரு கணினிக்கு நாலு பேர் முறைவைத்து எழுத, வாரம் ஒரு பாடவேளை போதும். தட்டச்சு வராதவர்கள் பேசினாலே தமிழில் எழுத்தாகும் வசதி 2017-இலேயே வந்துவிட்டது. கணக்குகள் பிள்ளைக்கு ஒன்றாக, பள்ளியின் பொறுப்பில் இருக்கட்டும். பக்கங்கள் சேர்ந்து எழுதும் வகுப்புகளுக்குள்ளேயே இருக்கட்டும். 18 வயதுக்கு உட்பட்டவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதை ஏட்டளவில் விட்டுவிடக் கூடாது.

முதல் வேலை ஆசிரியர் பயிற்சி. அதற்கு மாநகராட்சிக் கல்வித் துறை நேரம் ஒதுக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் வேலைச் சுமைக்கு மேல் ஏற்றினால் திட்டம் கையெழுத்தோடு முடிந்துபோகும். 1932-இல் மாட்டுங்காவில் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் போன்ற அமைப்புகள் தங்கள் கணினி அறைகளைத் தாராவிப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடலாம். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒரு சில வகுப்புகளிலாவது இது தொடங்கட்டும். புது டேப்லெட் வாங்கும் டெண்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். இருக்கிற கணினியே போதும்.