உத்தரவாதம் என்றொரு கடுதாசி

இலக்கியம் பேசும் இடத்தில் ஆங்கிள் கிரைண்டருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் வினவக்கூடும். வினவட்டும். நானும் வாசிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். நாவலை வாசிப்பதன்று; கடையில் பில்லோடு சேர்த்துப் பின் குத்தித் தரப்படும் ஒரு தாளை வாசிப்பது. அதனை வாசியாமல் விட்டதில் எனக்கும் பங்குண்டு. ஆகவே இது வசைக் கட்டுரையாக இருக்கும் அளவுக்குக் குற்ற ஒப்புதலாகவும் இருக்கும்.

என்னிடம் இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் கோவில்பட்டியின் புறவழிச் சாலையோரம் கிரில் பட்டறை நடத்துகிறார். அவரும் ஓர் உதவியாளும், அவ்வளவே பட்டறை. ஈராண்டுகளுக்கு முன் 2,650 ரூபாய் விலையில் நான்கு அங்குல கிரைண்டர் ஒன்று வாங்கப் போயிருந்தார். உற்பத்தியாளர் தரும் வாரண்டி ஓராண்டு. 399 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் மேலும் ஓராண்டு நீளும் என்றார்கள். கடையிலிருந்தபடியே என்னை அழைத்தார்: “ஐயா, எக்ஸ்டெண்டட் வாரண்டி போடச் சொல்லுதாக. போடலாமாய்யா?” வகுப்புக்கு விரைந்துகொண்டிருந்த நான், “பாதுகாப்புதானே தம்பி, போட்டுக்கொள்ளுங்கள்” என்றேன். அன்று நான் நடத்தப் போன பாடம், ஓர் இடைச்சொல் பாடலொன்றின் பொருளையே எவ்வாறு திருப்பிவிடுகிறது என்பது.

பதினான்காம் மாதம் கிரைண்டரின் ஆர்மேச்சர் கருகியது. பில்லையும் தாளையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். கருவி வேறொரு நகரத்துச் சேவை மையத்துக்குப் பயணப்பட்டு, 19 நாள் கழித்து, போனபடியே திரும்பி வந்தது. மறுப்புக்கு இரண்டு காரணங்கள்: வணிகப் பயன்பாடு, இயல்பான தேய்மானம். பிறகு நம்மூரில் காயில் கட்டும் கடையொன்றில் கொடுத்தார். 550 ரூபாய். மறுநாள் மாலை கருவி ஓடியது. அதன் பிறகே அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். “இதுல என்னதான்யா எழுதியிருக்கு?”

அப்போதுதான் வாசித்தேன். இரண்டு பக்கம், கடுகு போன்ற எழுத்து, முழுவதும் ஆங்கிலம். கார்பன் பிரஷ், பேரிங், சுவிட்ச், மின்கம்பி ஆகியவை தேய்மானப் பொருள்கள், பொறுப்பில்லை. மின்னழுத்த ஏற்றத்தாழ்வால் வரும் பழுது, பொறுப்பில்லை. தூசி, ஈரம், அளவு மீறிய சுமை, பொறுப்பில்லை. அங்கீகாரமற்றவர் திறந்திருந்தால் பொறுப்பில்லை. வணிகப் பயன்பாடாயின் எதற்கும் பொறுப்பில்லை.

இவற்றைக் கழித்துவிட்டால் கிரைண்டரில் மிஞ்சுவது என்ன? அந்தக் கருவி எப்படிச் சாகிறது என்பதைப் பட்டறையில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். கார்பன் பிரஷ் தேய்கிறது. மாற்றாமல் ஓட்டினால் பொறி பறந்து, அது உரசும் செப்புப் பட்டைகள் சீரழிகின்றன. காற்றுத் துளை வழியே இழுக்கப்படும் இரும்புத்தூள் உள்ளே படிகிறது. மின்னழுத்தம் குறையும் நேரங்களில் வேகம் தளர்கிறது, கருவியைக் குளிர்விக்கும் விசிறியும் தளர்கிறது. வேலை முடிய வேண்டுமென்று ஆள் மேலும் அழுத்துகிறார், சுற்றுக் கம்பி கருகுகிறது. தூசி, மின்னழுத்தம், சுமை, தேய்மானம்: பட்டறைக் கருவியின் மரணத்துக்கு இவையே வழக்கமான காரணங்கள். அவை அனைத்தையும் பட்டியலிட்டு விலக்கிவிட்டு, எஞ்சியதற்குக் காசு வாங்குகிறார்கள். நோய்களையெல்லாம் நீக்கிவிட்டு விற்கப்படும் மருத்துவக் காப்பீடு இது.

இயந்திரங்களின் பழுதைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லப்படும் உண்மை ஒன்றுண்டு. பழுதுகள் பெரும்பாலும் வாழ்வின் இரு முனைகளில் வருகின்றன. உற்பத்திக் குறையால் வருவது இளம்பருவப் பழுது. தேய்ந்து வருவது முதுமைப் பழுது. முதலாவதை உற்பத்தியாளரின் வாரண்டியே ஏற்கிறது. இரண்டாவதை நீட்டிப்புத் தாள் விலக்குகிறது. நாம் விலை கொடுத்து வாங்குவது நடுவிலுள்ள, நோய்நொடி குறைந்த காலத்துக்கான காப்பு. நாள்தோறும் உழைக்கும் பட்டறைக் கருவியோ இரண்டாம் ஆண்டிலேயே முதுமையை எட்டிவிடுகிறது. வீட்டில் மாதம் ஒருமுறை சுவரில் துளையிடும் டிரில்லிங் மெஷினுக்குப் பழுதே அரிது. முதலாமவருக்குக் காப்பு மறுக்கப்படும், இரண்டாமவருக்குத் தேவைப்படாது.

கணக்கும் பார்த்துவிடுவோம். தமிழாசிரியர்களுக்குக் கணக்கு வராது என்னும் கேலியை நான் அறிவேன். இது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. 550 ரூபாய்ச் செலவைத் தவிர்க்க 399 ரூபாய் கொடுப்பது நியாயமாக வேண்டுமானால், பத்துக் கருவிகளில் ஏழுக்கு மேல் அந்த ஓராண்டுக்குள் பழுதாக வேண்டும். அந்தப் பழுதும் தாள் ஏற்றுக்கொள்ளும் வகையினதாக இருக்க வேண்டும். பத்தில் ஏழு பழுதாகும் என்று கடைக்காரரே நம்பினால், அந்தக் கருவியை அவர் விற்கலாமா?

இன்னொரு கணக்கு. 399 என்பது கருவி விலையில் 15 விழுக்காடு. 2016இல் தொடங்கப்பட்ட பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி செலுத்தும் பங்குக்கு வைக்கப்பட்ட உச்சம், காப்பீட்டுத் தொகையில் காரிஃப் உணவு தானியம், எண்ணெய்வித்துகளுக்கு 2 விழுக்காடு, ராபி பருவத்துக்கு 1.5 விழுக்காடு, பருத்தி போன்ற பணப்பயிருக்கு 5 விழுக்காடு. மிச்சத்தை அரசுகள் ஏற்பதால் இரண்டும் நேருக்கு நேர் ஒப்பிடத்தக்கவை அல்ல என்பதை ஒப்புகிறேன். நான் காட்ட விரும்புவது வேறு. பருவம் பொய்த்தால் மானாவாரிக் குடும்பம் ஒன்று ஓராண்டு வாழ்வையே இழக்கிறது. தாங்கமுடியாத அத்தகைய இழப்புக்கே காப்பீடு என்னும் ஏற்பாடு மனிதர்களுக்குத் தேவைப்பட்டது. ஐந்நூறு ரூபாய்ப் பழுது எரிச்சலூட்டும், குடும்பத்தைக் கவிழ்க்காது. எரிச்சலுக்கெல்லாம் காப்பீடு எடுப்பவர், நாளடைவில் காப்பீட்டுக்கே உழைப்பவராகிவிடுவார்.

கரிசல் மண்ணுக்கு இந்த நுட்பத்தை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. மழையை எதிர்பார்த்துப் புழுதியில் விதைப்பவர்கள், முதல் விதைப்பு முளைக்காமல் போகலாம் என்பதை அறிந்து, மறுவிதைப்புக்கென்று குலுக்கையில் தானியம் ஒதுக்கிவைத்தார்கள். காப்பு அவர்கள் வீட்டுக்குள் இருந்தது. தீப்பெட்டித் தொழிலால் பிழைக்கும் ஊர் இது. 2021 டிசம்பரில் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயான அந்தப் பெட்டியில் ஒரு குச்சி பற்றாவிட்டால் யாரும் முறையிடப் போவதில்லை. அடுத்த குச்சியை எடுக்கிறோம். விலை மலிந்த பொருளுக்கு அடுத்த பொருளே காப்பு.

இங்கே நண்பரொருவர் சொன்ன மறுப்பைக் குறிப்பிட்டாக வேண்டும். “கையில் இருப்பு இல்லாதவனுக்குத்தானே காப்பு மிகுதியும் வேண்டும்? ஒருநாள் கருவி நின்றால் அவன் கூலி போய்விடுகிறதே” என்றார். உணர்வு மெய்யானது. ஆயினும் அந்தத் தாள் கூலியையா தருகிறது? பழுதை ஏற்றுக்கொண்டாலுங்கூட, கருவி போய்த் திரும்பும் நாள்களுக்கு அது ஒரு காசும் தராது. பட்டறைக்காரர் அஞ்ச வேண்டியது வேலை நின்றுபோவதைத்தான். அதற்கு மாற்று, பெட்டிக்குள் இருக்கும் ஒரு சோடி கார்பன் பிரஷ், ஒரு பேரிங், ஒரு சுவிட்ச். நடந்துபோகும் தொலைவில் காயில் கட்டும் ஒருவர். முடிந்தால் இரண்டாவது கிரைண்டர். ஏழு கருவிகளுக்குத் தலா 399 ரூபாய் என்று எடுத்துவைத்தால் 2,793 ரூபாய் சேரும். அந்த இரண்டாவது கிரைண்டர் அதிலேயே வந்துவிடும்.

எல்லா நீட்டிப்பும் வீண் என்று நான் சொல்லவில்லை. கடன் வாங்கிப் பொருத்தும் கம்ப்ரஸர், உள்ளே மின்பலகை போனால் பாதி விலையை விழுங்கிவிடும் வெல்டிங் மெஷின் போன்றவை வேறு வகை. அங்கும் நான்கு கேள்விகளைக் கேட்டு, விடையைப் பில்லின் பின்புறம் தமிழில் எழுதி, கடை முத்திரையோடு வாங்க வேண்டும். பட்டறையில் பயன்படுத்தினால் செல்லுமா? எந்தெந்த உதிரிப்பாகங்களுக்குச் செல்லாது? சேவை மையம் எந்த ஊரில், போக்குவரத்துச் செலவு யாருடையது? எத்தனை நாளில் திரும்ப வரும்? எழுதித் தரத் தயங்குகிறவரிடம் பணத்தைக் கொடுக்கத் தயங்குவதே முறை.

இனி, என்னை மிகவும் உறுத்தும் சொல்லுக்கு வருகிறேன்: ‘வணிகப் பயன்பாடு.’ கிரில் பட்டறை வைத்திருக்கிறேன் என்று சொல்லி, கையில் கரியோடு கடைக்குள் வந்தவரிடம் இந்தக் காப்பு விற்கப்பட்டது. விற்கும்போது அவர் தொழில் தெரிந்திருந்தது. மறுக்கும்போதுதான் அது குற்றமாயிற்று. நம் நாட்டுச் சட்டம் இந்த இடத்தில் கூடுதல் நேர்மையோடு பேசுகிறது. 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 1993இல் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் ‘வணிக நோக்கம்’ ஆகாது. 2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமும் இதனைத் தக்கவைத்துக்கொண்டது. லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் என்னும் வழக்கில், 21 லட்ச ரூபாய் இயந்திரம் வாங்கிய நிறுவனத்தை நுகர்வோராக ஏற்க உச்ச நீதிமன்றம் 1995இல் மறுத்தது. ஆனால் அதே தீர்ப்பு, தானே இயக்கிப் பிழைப்பதற்காகக் கடைசல் இயந்திரம் வாங்குபவர் நுகர்வோரே என்றும், ஓரிருவரை உதவிக்கு வைத்துக்கொள்வதால் அத்தகுதி போய்விடாது என்றும் தெளிவுபடுத்தியது. ஒரு முதலாளியும் ஓர் உதவியாளுமாக இயங்கும் என் மாணவரின் பட்டறையை நேரில் பார்த்து எழுதியது போல இருக்கிறது.

இதனால் தாளிலுள்ள விலக்கு தானாக அழிந்துவிடாது; முறையிடும் வாசல் திறக்கிறது, அவ்வளவே. மாவட்ட ஆணையத்தில் 5 லட்ச ரூபாய் வரையிலான முறையீட்டுக்குக் கட்டணமில்லை. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடலாம். ஆயினும் 399 ரூபாய்க்காகப் பட்டறையை மூடிவிட்டு, ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தூத்துக்குடிக்கு எத்தனை முறை பேருந்து ஏறுவார்? அவர் ஏறமாட்டார் என்பதே அந்த எழுத்துகளைச் சிறிதாக அச்சிட்டவர்களின் உண்மையான உத்தரவாதம்.

பிரிட்டனில் வீட்டு மின்சாதனங்களுக்கான நீட்டிப்பு வாரண்டி பற்றி 2003இல் விரிவாக விசாரித்து, 2005இல் ஓர் ஆணை பிறப்பித்தார்கள். காப்பின் விலையை எழுத்தில் காட்ட வேண்டும். வாங்கியவர் மனம் மாறினால் 45 நாள்களுக்குள் திருப்பித் தரலாம். வீட்டுக்குப் போய் நிதானமாக வாசிக்க ஒரு மனிதருக்கு அவகாசம் தரும் ஏற்பாடு அது. நம் கடைகளில் அந்த அவகாசம், பில் அச்சாகி வெளிவரும் நேரம்.

ஆகவே என் குற்றச்சாட்டு முதன்மையாக மொழியைப் பற்றியது. ‘உத்தரம்’ என்றால் மறுமொழி. கேட்டால் மறுமொழி சொல்லக் கடமைப்பட்டவரே உத்தரவாதி. இங்கோ இனிய தமிழில் விற்கிறார்கள், ஆங்கிலத்தில் மறுக்கிறார்கள். கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் வேண்டும் என்று விதி இருக்கிறது. அதற்காக நாம் குரல் எழுப்பியும் இருக்கிறோம். பலகைக்குக் கீழே நுழைந்து உள்ளே போகும் பட்டறைக்காரர் கையொப்பமிடும் தாள் எந்த மொழியில் இருக்கிறது என்று நம்மில் எவர் கேட்டோம்? கி.ராஜநாராயணன் கரிசல் மக்களின் வழக்குச் சொற்களை அகராதியாகத் தொகுத்தார் என்பதில் பெருமை கொள்கிறோம். அந்த மக்கள் பேசும் சொல் நமக்குச் சொத்து; அவர்களை ஏய்க்கும் சொல் மட்டும் நம் பாடத்திட்டத்துக்கு வெளியே கிடக்கிறது.

அந்தக் காப்பைக் கடையில் விற்ற இளைஞரும் என் மாணவரே. பட்டறைக்காரருக்கு ஓராண்டு இளையவர். அவரைக் கேட்டேன். “மாசம் இத்தனை வாரண்டி போடணும்னு இலக்கு வச்சிருக்காங்கய்யா. நானும் அதை வாசிச்சதில்ல” என்றார். விற்றவர் வாசிக்கவில்லை, வாங்கியவர் வாசிக்கவில்லை, வாங்கச் சொன்ன ஆசிரியரும் வாசிக்கவில்லை. ஒரே துறையில் பயின்றவர்களும் பயிற்றுவித்தவருமாக மூவர். நுண்வாசிப்பு பற்றி நான் ஆற்றிய சொற்பொழிவுகளை நினைத்துக் கூசினேன்.

மலிவுக் கருவிக்கு நீட்டிப்பு வாரண்டி வாங்காதீர்கள்; அந்தப் பணத்துக்கு உதிரிப்பாகம் வாங்குங்கள் என்பதே நான் சொல்ல வந்தது. மறுப்புள்ளவர்கள் தம் கையிலுள்ள தாளை ஒருமுறை முழுதும் வாசித்துவிட்டு மறுக்கட்டும்.

சென்ற வாரம் பட்டறைக்குப் போயிருந்தேன். பழைய பிஸ்கட் டின் ஒன்றில் கார்பன் பிரஷும் பேரிங்கும் சுவிட்சும் கிடந்தன. 399 ரூபாயை எண்ணி மாணவரிடம் நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டார். “அடுத்த தடவ வாசிச்சிட்டுச் சொல்லுங்கய்யா, அது போதும்” என்றார்.