வரன் காட்டுகிறவருக்கும் பொறுப்பு வேண்டும்

சாமளாபுரம், மங்கலம், சோமனூர் பக்கம் தறிக்குடோன் வைத்திருக்கும் குடும்பங்களிலும் வரன் தேடல் இன்று கைப்பேசிக்கு வந்துவிட்டது. சிங்கப்பூர், துபாய், கனடா என எங்கிருந்தும் ஜாதகம் வருகிறது. அதில் தவறில்லை. பெண் கிடைக்காமல் கேரளம் வரை போய்ச் சம்பந்தம் பேசும் கொங்கு வட்டாரத்துக்கு எல்லை தாண்டுவது புதிதும் அல்ல. விசாரிப்பது யார் என்பதே கேள்வி.

உள்ளூர் மாப்பிள்ளை என்றால் அவர் ஊர் டீக்கடையில் இரண்டு வார்த்தை கேட்டாலே போதும். டொரண்டோவில் யாரைக் கேட்பது? கட்டணம் வாங்கும் இணையதளம்தான் விசாரித்துச் சொல்ல வேண்டும். ஆனால், படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற குறிக்குப் பல நேரங்களில் கைப்பேசிக்கு ஓடிபி போனது என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. கூலிக்கு நெய்த காடாத் துணியைக்கூட விரித்துப் பார்த்து, குறை இருந்தால் கூலியில் பிடிக்கிற ஊர் இது. ஆயுள் முழுக்க வரப்போகும் உறவுக்கு அந்தச் சோதனைகூட இல்லை.

நடிகர் ஆர்யாவின் பெயரில் ஆள்மாறாட்டம் செய்து, ஜெர்மனியில் வசிக்கும் இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருவரிடம் திருமண ஆசை காட்டிச் சுமார் 70 லட்சம் ரூபாய் பறித்ததாக 2021இல் சென்னை போலீசார் இருவரைக் கைது செய்தனர். வேலை என்று நம்பித் தாய்லாந்து போன தமிழக இளைஞர்கள் 2022இல் மியான்மரில் அடைத்துவைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டனர். ஆள் வைத்து நடத்தும் தொழிலாகவே மோசடி மாறிவிட்ட பிறகு, ஏமாந்தவரைப் பார்த்து ‘பேராசை’ என்பது நியாயமல்ல.

திருமணத் தளங்கள் அடையாள ஆவணம் கேட்க வேண்டும், குறைதீர் அலுவலரை அமர்த்த வேண்டும் என்று மத்திய அரசு 2016இல் அறிவுறுத்தியது. அது அறிவுரையோடு நின்றுவிட்டது. டேட்டிங் செயலிகளை அது தொடவே இல்லை. வெளிநாட்டுவாழ் இந்தியர் செய்யும் திருமணத்தை 30 நாளில் பதிவு செய்ய வேண்டும் என்ற மசோதா 2019 பிப்ரவரியில் மாநிலங்களவைக்கு வந்தது. விரிவான சட்டம் தேவை என்று 2024இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. சட்டம்தான் இன்னும் வரவில்லை. அமெரிக்காவிலோ, வெளிநாட்டுப் பெண்ணின் தொடர்பு விவரத்தைத் தரகு நிறுவனம் கொடுக்கும் முன், ஆணின் குற்றப் பின்னணியையும் முந்தைய திருமணங்களையும் அந்தப் பெண்ணுக்கு அவர் மொழியிலேயே தெரிவித்துச் சம்மதம் பெற வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

இவ்வளவு சோதித்தால் தொழில் நடத்த முடியாது என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். சிம் கார்டு வாங்கவே அடையாளச் சான்று கேட்கும் நாட்டில் அந்த வாதம் எடுபடாது. எல்லை தாண்டிய வரனைக் காட்டும் முன் கடவுச்சீட்டு, விசா, திருமண நிலை ஆகியவற்றைச் சரிபார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். தவறினால் இழப்பீடு தர வைக்க வேண்டும். பணம் போனதும் இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்கச் சொல்லும் அரசு, பணம் போகாமல் தடுக்கவும் சட்டம் கொண்டுவரட்டும்.