சாப்பாடு போட்டோம்தானே, அத்தா?



இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்கு ஓர் ஆஸ்கார் மீன் வந்தது. பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டார்கள் என்பதற்காகத் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கினேன். அன்று மாலையே நீர் நிரப்பி, மஃரிபுக்கு முன்பாக மீனை உள்ளே விட்டேன். அது ஒரு மூலையில் ஒதுங்கி நின்றது. போட்ட தீவனத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. பட்டினியால் வாடிவிடுமே என்ற பதற்றத்தில் காலையிலும் மாலையிலும் மேலும் மேலும் தீவனம் போட்டேன். நான்காம் நாள் நீர் கலங்கியது. ஏழாம் நாள் ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்தபோது மீன் இறந்து மிதந்தது.

"நாம் சாப்பாடு போட்டோம்தானே, அத்தா? பிறகு ஏன் செத்துப்போச்சு?" என்று என் மகள் கேட்டாள். அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

மதரஸாவில் ஆண்டுதோறும் நான் நடத்தும் பாடங்களில் ஒன்று, பூனையை அடைத்துவைத்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் அது பதிவாகியுள்ளது. அப்பெண் பூனைக்கு உணவளிக்கவும் இல்லை. அது வெளியே சென்று தானே இரை தேடிக்கொள்ளும்படி விடவும் இல்லை. அதனால் அவள் தண்டனைக்கு உள்ளானாள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். இதில் இரண்டாவது சொல்லப்பட்டதை நாம் ஆழ்ந்து எண்ணுவதில்லை. பூமியிலுள்ள ஒவ்வோர் உயிருக்கும் ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ்வே. ஆற்றில் வாழும் மீன் அந்த ரிஸ்க்கைத் தேடி நீந்திச் செல்கிறது. ஓரிடம் ஒவ்வாவிட்டால் வேறிடம் போகிறது. நாம் அதைக் கண்ணாடிக்குள் அடைக்கும்போது அந்த வழியை மூடிவிடுகிறோம். மூடியவர் மீதே பொறுப்பு வந்து சேர்கிறது. ஆகவே தீவனத்தைத் தூவியதோடு கடமை முடிந்துவிடாது. அந்த உயிர் உண்ணக்கூடிய நிலையை உண்டாக்குவதும் உணவளிப்பதில் அடங்கும் என்பதே என் கருத்து.

புதிதாக வந்த பெரிய மீன் ஏன் உண்பதில்லை? முதற்காரணம் அச்சம். வலையில் பிடிபட்டு, நெகிழிப் பையில் அடைபட்டு, குலுங்கியபடி பயணம் செய்து, பழக்கமில்லாத நீரில் விடப்பட்ட உயிர் அது. தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த ஆஸ்கார் இனம், மருண்டால் நிறம் கறுத்துப் படுத்துக்கொள்வதும் உண்டு. இரண்டாவது காரணம் நீர். மீனின் கழிவிலிருந்தும் அழுகும் தீவனத்திலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அதனை நைட்ரைட்டாகவும் பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள், புதிய தொட்டியின் வடிகட்டியில் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். அதற்கு முன் உண்ணாத மீனுக்குத் தீவனத்தைக் கொட்டுவது, அது மூச்சுவிடும் நீரிலேயே நஞ்சைக் கலப்பதாகும். நான் செய்தது இதைத்தான். உணவு போட்டும் ஏன் இறந்தது என்று என் மகள் கேட்டாள். உணவு போட்டதாலேயே இறந்தது என்பதுதான் உண்மையான பதில்.

சென்ற ஆண்டு, வெளிநாடு சென்ற உறவினர் ஒருவர் தாம் வளர்த்த ஆஸ்கார் மீனை எங்களிடம் ஒப்படைத்தார். ஏறக்குறைய எட்டு அங்குல நீளம். நான்கடி நீளத் தொட்டி. இம்முறை வடிகட்டியின் பஞ்சைக் கழுவாமல், காயவிடாமல், பழைய தொட்டி நீரில் நனைந்தபடியே கொண்டுவந்தோம். அதில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் பிழைத்திருக்க வேண்டும் அல்லவா? குழாய் நீரிலுள்ள குளோரின் செவுள்களைப் புண்ணாக்கும் என்பதால், அதற்குரிய மருந்தைக் கலந்த பின்பே நிரப்பினோம். ஆயினும் மீன் உண்ணவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள் ஆயிற்று.

அந்நாட்களில் எனக்கு மதரஸா விடுதி நினைவுக்கு வந்தது. புதிதாகச் சேரும் சிறுவர்களுள் சிலர் முதல் சில நாட்கள் சோற்றைத் தொடவே மாட்டார்கள். ஒருமுறை அவ்வாறிருந்த பிள்ளையிடம், "சாப்பிடு, சாப்பிடு" என்று எல்லாரும் சூழ்ந்து நின்று சொல்லச் சொல்ல அவன் அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை. பின்னர் அவனுடைய ஊர்ப்பக்கத்துப் பையன் ஒருவனின் அருகில் படுக்கையை மாற்றிக் கொடுத்துவிட்டு, உணவைப் பற்றிப் பேசாமல் விட்டோம். நான்காம் நாள் அவனே தட்டை எடுத்துக்கொண்டு வந்து, "ஹஜ்ரத், இன்னும் கொஞ்சம் ஆணம் ஊற்றச் சொல்லுங்கள்" என்றான்.

அபூதாவூதில் வரும் ஒட்டகத்தின் நிகழ்ச்சியும் இதையே உணர்த்துகிறது. அன்சாரி ஒருவரின் தோட்டத்தில் கண்ணீர் வடித்து நின்ற ஒட்டகத்தை நபி (ஸல்) அவர்கள் முதலில் தடவிக்கொடுத்து அமைதிப்படுத்தினார்கள். அதன் பின்னரே உரிமையாளரை அழைத்து, அதனைப் பட்டினி போட்டு வாட்டுவது குறித்து அல்லாஹ்வை அஞ்சும்படி எச்சரித்தார்கள். அச்சம் தணிவது முதலில். பசியைப் பற்றிய பேச்சு அதற்கு அடுத்தே.

எனவே நாங்களும் அவ்வழியே நடந்தோம். தொட்டியின் மூன்று பக்கங்களைத் துணியால் மறைத்தோம், விளக்கை அணைத்துவைத்தோம், ஒதுங்குவதற்கு ஒரு மண்பானையைச் சாய்த்து வைத்தோம். கண்ணாடியைத் தட்டக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். டெஸ்ட் கிட் கொண்டு நீரைச் சோதித்தோம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை. நாள்தோறும் அஸருக்குப் பின் ஒரே ஒரு சிறு இறால் துண்டை இட்டு, பத்து நிமிடத்தில் உண்ணாவிட்டால் எடுத்துவிட்டோம். மீன் குளிர் இரத்தப் பிராணி. உடல் வெப்பத்துக்காக உணவைச் செலவிடுவதில்லை. நல்ல உடற்கட்டுள்ள பெரிய மீன் ஒரு வாரம் உண்ணாதிருந்தாலும் தாங்கிக்கொள்ளும். இந்த ஒரு செய்தி முன்பே தெரிந்திருந்தால் முதல் மீன் பிழைத்திருக்கக்கூடும்.

இடையில் இரு ஆலோசனைகள் வந்தன. உயிருள்ள சிறு மீன்களைப் போட்டால் துரத்தித் தின்னும் என்றார் ஒருவர். அவ்வாறு விற்கப்படும் மீன்கள் நோயைக் கொண்டுவரக்கூடும். தங்கமீன் போன்றவற்றை வழக்கமாகத் தின்னும் மீனுக்கு வைட்டமின் பி1 குறைபாடும் நேரும். இவற்றை விட, ஓர் உயிர் தப்பிக்க இடமின்றி ஓடுவதைப் பிள்ளைகள் கைகொட்டிப் பார்ப்பதை என் மனம் ஏற்கவில்லை. வீட்டுக்கு வரவிருந்த கெடுதியை மீன் தன்மேல் வாங்கிக்கொண்டதால்தான் உண்ணவில்லை என்றார் இன்னொருவர். சகுனம் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். மீன் உண்ணாவிட்டால் பார்க்க வேண்டியது சகுனத்தை அன்று, நீரையே.

ஒன்பதாம் நாள் அஸருக்குப் பின் வழக்கம்போல் இறால் துண்டை இட்டேன். மீன் பானையிலிருந்து மெல்ல வந்தது; வாயில் கவ்வியது; துப்பியது; மீண்டும் கவ்வி விழுங்கியது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று என் மகள் கூவினாள், உடனே தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அதன்பின் இரண்டு வாரங்களில் குருணைத் தீவனத்துக்கும் அது பழகிவிட்டது.

எல்லா மீனும் இவ்வாறே தேறிவிடும் என்று நான் சொல்லவில்லை. உடல் மெலிந்தால், வெண்ணிற நூல்போல் மலம் கழித்தால், மேற்பரப்பில் மூச்சுத் திணறினால் அது நோயின் அறிகுறி. அறிந்தவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. கடையில் விரல் நீளத்தில் காணும் ஆஸ்கார், ஓராண்டு காலத்தில் ஓர் அடியை எட்டக்கூடியது. பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. அதற்கேற்ற தொட்டியும் வாரந்தோறும் நீர் மாற்றும் பொறுமையும் இல்லையேல், பிள்ளை அழுதாலும் வாங்காதீர்கள். வாங்கிவிட்டு முடியாமற்போனால் ஏரியில் விடுவதும் இரக்கமாகாது. அயல்நாட்டு மீன் நம் நீர்நிலைகளின் மீன்களுக்குக் கேடாகும். வளர்க்கக்கூடியவரிடம் ஒப்படையுங்கள். முதலில் தொட்டியை ஆயத்தம் செய்யுங்கள், நீர் பக்குவமாகட்டும், அதன் பிறகே மீன் வரட்டும்.

நம் கையில் அடைபட்ட ஒவ்வோர் உயிரும் அமானிதம். அந்த அமானிதத்தை அறிவோடும் பொறுமையோடும் பேணும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.