மூணு கொம்பனும் ஒத்தைக் கொம்பு ராஜாவும்

ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா... சிதம்பரத்துல ரெண்டு தேருக்கும் நாலு வீதியும் பொம்மைக் கடையாத்தான் இருக்கும். பலூன், ஊதல், சமையல் செட்டுக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் கவர் தொங்கும், கவனிச்சிருக்கீங்களா? பன்னெண்டு டைனோசர், ஒரே விலை. நீலம், ஆரஞ்சு, கிளிப் பச்சைன்னு இயற்கைக்கே தெரியாத கலர்ல இருக்கும். அதுல ஒருத்தன் மட்டும் எந்தக் கவரிலும் மிஸ் ஆகவே மாட்டான். மூணு கொம்பு, கழுத்துக்குப் பின்னாடி முறம் மாதிரி ஒரு எலும்புத் தட்டு, கிளி மூக்கு. 'காண்டாமிருகம் ஒண்ணு எடுத்துக்கடா'ன்னு எந்தத் தாத்தாவாவது பேரனுக்கு வாங்கித் தருவாரே, அவன்தான் சார் ட்ரைசெராடாப்ஸ்.

தாத்தாவைச் சிரிக்காதீங்க மக்களே. இந்த ஜீவனுக்குப் பேரு வெச்ச பேராசிரியரே முதல்ல பல்பு வாங்கினவர்தான். 1887-ல அமெரிக்காவுல டென்வர் பக்கத்துல ஒரு ஜோடி பெரிய கொம்பு கிடைச்சுது. யேல் பல்கலைக்கழகத்து மார்ஷ் அதைப் பார்த்துட்டு 'இது ராட்சசக் காட்டெருமை'ன்னு சொல்லி பைசன் ஆல்டிகார்னிஸ்னு பேரே வெச்சுட்டார். அப்புறம் வயோமிங்ல இருந்து முழு மண்டை ஓடு வந்ததும்தான் 'அடடா, இது மாடு இல்ல'ன்னு புரிஞ்சுது. 1889-ல ட்ரைசெராடாப்ஸ்னு புதுப் பேரு. அர்த்தம் சிம்பிள்: மூணு கொம்பு முகம்.

உண்மையைச் சொன்னா மாடுன்னு நினைச்சதுல கொஞ்சம் நியாயமும் இருக்கு. மாட்டுப் பொங்கலுக்கு நாம பெயின்ட் அடிக்கிறது கொம்போட மேலுறைக்கு. உள்ளே இருக்கிறது எலும்பு. ட்ரைசெராடாப்ஸுக்கும் அதே டிசைன்தான். நமக்குக் கிடைக்கிற புதைபடிவம் உள் எலும்பு மட்டும். மேலுறையையும் சேர்த்தா உயிரோட இருந்தப்போ கொம்பு இன்னும் நீளமா இருந்திருக்கும். அதனால பொம்மையில கொம்பு கொஞ்சம் ஓவரா இருந்தா கோபப்படாதீங்க. கலர் விஷயத்துல மட்டும் தாராளமா கோபப்படலாம்.

கொம்பு எதுக்கு? டி-ரெக்ஸைக் குத்தறதுக்குன்னு சினிமா சொல்லும். ஆண்ட்ரூ ஃபார்க்னு ஒரு ஆய்வாளர் 2004-ல செஞ்ச வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சது. ட்ரைசெராடாப்ஸ் மண்டை ஓட்டுல ரெண்டு சின்ன மாதிரிகளை எடுத்து, நேருக்கு நேர் மோத விட்டுப் பார்த்தார். நாம சின்ன வயசுல பண்ணின அதே வேலை! கொம்பும் கொம்பும் எப்படியெல்லாம் பின்னிக்கும், அப்போ எதிராளி முகத்துல எந்த இடத்துல முனை படும்னு குறிச்சுக்கிட்டார். 2009-ல அவரும் நண்பர்களும் நிஜ மண்டை ஓடுகள்ல இருக்கிற காயத் தழும்புகளை எண்ணினாங்க. கண்ணக் கொம்பு சின்னதா இருக்கிற சென்ட்ரோசாரஸை விட, ட்ரைசெராடாப்ஸுக்குக் கழுத்துத் தட்டோட பக்கவாட்டு எலும்புல காயம் அதிகம். ஆக, தங்களுக்குள்ளேயே கொம்பு கோத்து முட்டிக்கிட்டதுங்க. ரெண்டு கெடாவை மோத விட்டுப் பார்க்கிற நம்ம ஊர் ஆளுக்கு இதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல.

பொம்மையை வெச்சு சயின்ஸான்னு கேக்கிறவங்களுக்கு இன்னொரு மேட்டர். மெக்னீல் அலெக்ஸாண்டர்னு இங்கிலாந்துல ஒரு பேராசிரியர். டைனோசர் எவ்வளவு எடை இருந்திருக்கும்னு கண்டுபிடிக்க 1980-கள்ல லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துல விக்கிற பிளாஸ்டிக் பொம்மையைத்தான் எடுத்துக்கிட்டார். தண்ணியில முக்கிக் கன அளவு எடு. ஸ்கேலுக்கு ஏத்த மாதிரி பெருக்கு. உடம்போட அடர்த்தி கிட்டத்தட்ட தண்ணி மாதிரின்னு வெச்சுக்கோ. எடை ரெடி. ஆர்க்கிமிடீஸ் குளிச்ச அதே தொட்டி!

ஹாஸ்டல் பக்கெட்லயே நீங்க இதைச் செய்யலாம். சேகரிப்பாளர்கள் மத்தியில 1:40 ஸ்கேல் ரொம்பப் பிரபலம். 8 மீட்டர் ட்ரைசெராடாப்ஸ் உங்க டேபிள்ல 20 சென்டிமீட்டர். நீளம் 40 மடங்கு குறைஞ்சா எடை 40-ஐ மூணு தடவை பெருக்கின அளவு, அதாவது 64,000 மடங்கு குறையும். 8 டன் மிருகம் கையில 125 கிராம்தான். தேர்க்கடை பொம்மையை முக்கிப் பார்த்தா அது பாவம் பட்டினி கிடந்த பிறவின்னு தெரியும். வயிறு ஒட்டிப்போய்த்தான் அச்சுல இருந்தே வருது.

சேகரிக்க ஆசைப்படறவங்களுக்கு ஒரு டிப்ஸ். முதல் பொம்மை நாலு கால்ல நிக்கிறதா வாங்குங்க. ரெண்டு கால் டி-ரெக்ஸ் ஷெல்ஃப்ல கம்பீரமா நிக்கும், சித்திரை வரைக்கும். கடலூர் வெயில் ஆரம்பிச்சதும் கணுக்கால் மெதுவா வளைஞ்சு, ஒரு நாள் காலைல குப்புறக் கிடக்கும். மெட்டீரியல்ஸ் பேப்பர்ல தூங்கிக்கிட்டே கேட்டோமே, க்ரீப்... அதேதான். சூடான தண்ணியில ரெண்டு நிமிஷம் வெச்சு, காலை நேராக்கி, உடனே பச்சைத் தண்ணியில முக்கினா மறுபடி நிக்கும். அடுத்த சித்திரை வரைக்கும்!

சரி, மெயின் மேட்டருக்கு வருவோம். நம்ம எல்லார் வீட்டுலயும் இருக்கிற இந்த மூணு கொம்பன், நம்ம மண்ணை மிதிச்சதே இல்ல. அவன் குடும்பம் பெரும்பாலும் வட அமெரிக்காவோடது. சீனாவுல ஒரு சொந்தக்காரன் உண்டு, சினோசெராடாப்ஸ், 2010-ல பேரு வெச்சாங்க. இந்தியாவுல இந்தக் குடும்பத்து எலும்பு ஒண்ணுகூட இதுவரைக்கும் கிடைக்கல. காரணம், அப்போ நாம ஆசியாவுலயே இல்ல. சுமார் 8.8 கோடி வருஷத்துக்கு முன்னாடி மடகாஸ்கரை விட்டுப் பிரிஞ்சு, நடுக்கடல்ல தனியா வடக்கே போய்க்கிட்டிருந்த நிலம் இது.

ஆனா கொம்பு நமக்கும் உண்டு பாஸ். குஜராத்துல பாலசினோர் பக்கம் ராய்யோலின்னு ஒரு ஊர். 1980-கள்ல இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காரங்க அங்கே தோண்டி எடுத்த எலும்புகளை இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து ஆராய்ஞ்சு, 2003-ல ராஜாசாரஸ் நர்மதென்சிஸ்னு பேரு வெச்சாங்க. சுமார் 6.6 மீட்டர் நீளம், சுத்த அசைவம். நெத்தியில ஒரே ஒரு கொம்பு. கூரா இருக்காது, தடிச்ச மேடு மாதிரி. காலத்துல நம்ம ட்ரைசெராடாப்ஸோட கிட்டத்தட்ட செட்மேட். இந்த ராஜாவைத் தேர்க்கடைக் கவர்ல நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. வெளிநாட்டு மூணு கொம்பன் வீடு வீடா இருக்கான், உள்ளூர் ராஜாவைத்தான் தேர்க்கடையில காணோம்.

குஜராத் எல்லாம் தூரம், நம்ம பக்கம் என்ன இருக்குன்னு கேப்பீங்க. 'கடலூர் மணற்கல்'னு உலகம் முழுக்க புவியியல் புத்தகத்துல நம்ம ஊர் பேர்லயே ஒரு பாறை இருக்கு. ஆனா அதுல டைனோசரைத் தேடாதீங்க. டைனோசர் எல்லாம் அழிஞ்சு கோடிக்கணக்கான வருஷம் கழிச்சுப் படிஞ்ச மண் அது. திருவக்கரையில கல்லாகிக் கிடக்கிற மரங்கள் அந்தப் பாறையில இருக்கிறவைதான். சோன்னராங்கிற பிரெஞ்சுக்காரர் 1781-லயே அதைப் பத்தி எழுதி வெச்சார்.

டைனோசர் வேணும்னா சிதம்பரத்துல பஸ் ஏறணும். காட்டுமன்னார்கோவில், மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம், அப்புறம் அரியலூர். அந்தக் காலத்துல கடல் உள்ளே வந்து போன இடம் அது. சிமென்ட் ஆலைக்குத் தோண்டற சுண்ணாம்புக் கல்லே பழைய கடலடிதான். நத்தை மாதிரி சுருண்ட அம்மோனைட் படிவம் அங்கே சர்வ சாதாரணம்.

அங்கே கல்லமேடுன்னு ஒரு இடம். அங்கே கிடைச்ச எலும்புகளுக்கு 1987-ல யாதகிரி, அய்யாசாமின்னு ரெண்டு புவியியலாளர்கள் ப்ருஹத்காயோசாரஸ்னு பேரு வெச்சாங்க. பெருத்த உடம்புக்காரன்னு அர்த்தம். முழங்காலுக்குக் கீழே இருக்கிற கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர். என் ரூம் கதவு உயரம்! அவங்க முதல்ல அதை மாமிசம் தின்கிற வகைன்னு நினைச்சாங்க. பின்னாடி அது நீளக் கழுத்து சைவம்னு முடிவாச்சு. 2023-ல வந்த ஒரு கணக்கு அதோட எடையை 110-லிருந்து 170 டன் வரைக்கும் சொல்லுது. பெரிய நீலத் திமிங்கிலத்தோட ரேஞ்ச். உலகத்துலயே பெரிய தரை மிருகம் அரியலூர்க்காரனா இருக்கலாம்.

இருக்கலாம், அவ்வளவுதான் சொல்ல முடியும். ஏன்னா அந்த எலும்பு இப்போ இல்ல. உதிர்ற நிலையில இருந்த எலும்பு பொடிஞ்சே போச்சு. மிஞ்சினது வரைபடமும் வர்ணனையும்தான். பல வருஷம் வெளிநாட்டு ஆளுங்க 'அது எலும்பே இல்ல, ஏதோ கல்மரமா இருக்கும்'னுகூட சந்தேகப்பட்டாங்க. பதில் சொல்லக் காட்டறதுக்கு நம்ம கையில ஒண்ணும் இல்ல. 2022-ல அய்யாசாமியும் பால்ங்கிற ஆய்வாளரும் தோண்டின காலத்துப் பழைய போட்டோக்களை வெளியிட்ட பிறகுதான் பேச்சு மாறிச்சு.

இதைப் படிச்சதுல இருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். அன்னைக்கு அந்தக் கால் எலும்புக்கு ஒரு பிளாஸ்டர் அச்சு எடுத்திருந்தா? எலும்பு போயிருக்கும், வடிவம் இருந்திருக்கும். 'வெறும் மாதிரி'ன்னு நாம அலட்சியமா சொல்றோமே, பல மியூசியத்துல நிக்கிறது அந்த மாதிரிகள்தான்.

அதே சமயம் நம்ம பசங்க அரியலூர் டூர் போயிட்டு பாக்கெட்ல அம்மோனைட் போட்டுக்கிட்டு வர்றதைக் கேட்டா வயித்தைக் கலக்குது. அது எந்தப் படிவத்துல, எந்த அடுக்குல இருந்துதுங்கிற தகவல்தான் அதோட உயிர். ஷெல்ஃபுக்கு வந்துட்டா அது அழகான கல், அவ்வளவே. ஆசையா இருந்தா போட்டோ எடுங்க, பக்கத்துல ஒரு பேனா வெச்சு அளவு தெரியற மாதிரி. வீட்டுல அடுக்கறதுக்குப் பொம்மை இருக்கவே இருக்கு. படிவத்தைக் கண்ணால பார்க்கணும்னா வாரணவாசியில அருங்காட்சியகம் இருக்கு.

பொம்மைன்னதும் ஞாபகம் வர்ற ஊர், கடலூர் மாவட்டத்துக்காரங்களுக்குச் சொல்லணுமா? பண்ருட்டி. கொலு பொம்மைக்கு ரெண்டு பாதி அச்சு, நடுவுல களிமண் இல்லேன்னா காகிதக்கூழ், காய வெச்சுப் பெயின்ட். பிளாஸ்டிக் டைனோசருக்கும் இதே ரெண்டு பாதி அச்சுதான், முதுகுல ஓடற கோட்டைத் தடவிப் பாருங்க. கொலு பார்க்குல ஏற்கெனவே பிளாஸ்டிக் ட்ரைசெராடாப்ஸ் மேயுது. உள்ளூர் ராஜா ஏன் மேயக் கூடாது? ஸாரி, அவர் மேய மாட்டார், மேயறதைச் சாப்பிடுவார்.

நாங்க நாலு பேர் கிளம்பிட்டோம். 1:40 கணக்குல 16.5 சென்டிமீட்டர். படம் வரைஞ்சு, பக்கத்துத் தோற்றம், மேல் தோற்றம்னு டிராயிங் ஷீட்ல போட்டு பண்ருட்டியில ஒரு பொம்மைக்காரர்கிட்ட கொண்டு போனோம். எலும்பு கிடைக்காத இடத்தை இதே இனத்து மத்த டைனோசர்களைப் பார்த்து நிரப்பியிருக்கோம், அதையும் ஷீட்லயே புள்ளிக்கோடு போட்டுக் காட்டிட்டோம். அவர் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, ரெண்டு கால்ல நிக்காது. வாலைத் தரையில ஊன வெச்சுக்கலாமா?"

"இல்லண்ணே, இது வாலைத் தூக்கிக்கிட்டுதான் நடக்கும்."

"அப்போ காலடியில ஒரு பாறை வெச்சு ஒட்டிடறேன். கலர் என்ன?"

அதுக்கு எங்ககிட்ட பதில் இல்ல, உலகத்துல யாருகிட்டயும் இல்ல. நாலு பேரும் நாலு கலர் சொன்னோம். கிளிப் பச்சை மட்டும் வேணாம்னு ஒரே குரல்ல சொன்னோம். அட்வான்ஸ் 200 ரூபாய் கொடுத்தாச்சு, களிமண் மாதிரி இப்போ நிழல்ல காயுது.