இந்திரா பவன் வாசலில் எழுந்த கேள்வி

காங்கிரஸ் கட்சியின் கேரள மாநிலத் தலைமையகமான திருவனந்தபுரம் இந்திரா பவன் முன்பு, 2021 மார்ச் 14-ஆம் தேதி, மாநில மகளிர் காங்கிரஸ் தலைவி லதிகா சுபாஷ் பதவியை ராஜிநாமா செய்துவிட்டுத் தலைமுடியை மழித்துக்கொண்டார். சட்டப்பேரவைத் தேர்தலுக்காகக் கட்சி அன்று வெளியிட்ட பட்டியலில் இருந்த 86 வேட்பாளர்களில் பெண்கள் 9 பேர் மட்டுமே. கோட்டயம் மாவட்டம் ஏற்றுமானூர் தொகுதியைக் கேட்டிருந்த லதிகாவின் பெயர் அதில் இல்லை. நேர்த்திக்கடனுக்கு முடியிறக்குவதைக் கண்டு பழகிய நமக்கு, ஒரு கட்சி அலுவலகத்தின் வாசலில் அது நடந்தது அதிர்ச்சியளித்ததில் வியப்பில்லை.

ஏற்றுமானூர் தோழமைக் கட்சியான கேரள காங்கிரஸுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது என்று காரணம் கூறப்பட்டது. கூட்டணிக்காகத் தொகுதியை விட்டுக்கொடுப்பது அரசியலில் சகஜம்தான். ஆனால், மாநிலம் முழுவதும் மகளிரைத் திரட்டும் பொறுப்பை ஒப்படைத்த ஒருவருக்கு வேறொரு தொகுதிகூடவா இல்லை? கோட்டயம் மாவட்டப் பஞ்சாயத்தின் தலைவராக இருந்த அவருக்கு 2011-இல் வாய்ப்பு அளிக்கப்பட்டது உண்மை. எங்கே? அன்றைய முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தனை எதிர்த்து, மார்க்சிஸ்ட் கட்சியின் கோட்டையான மலம்புழையில்!

சுயேச்சையாகக் களமிறங்கிய லதிகாவுக்கு ஏற்றுமானூரில் ஏழாயிரத்துக்குச் சற்று அதிகமான வாக்குகளே கிடைத்தன. மார்க்சிஸ்ட் வேட்பாளர் வி.என். வாசவன் வென்றார். "மக்கள் செல்வாக்கு இல்லை, அதனால்தான் வாய்ப்புத் தரவில்லை" என்று வாதிடுவோர் வடகரையைப் பார்க்க வேண்டும். அங்கு 2016-இல் தனித்துப் போட்டியிட்ட புரட்சிகர மார்க்சிஸ்ட் கட்சியின் கே.கே. ரெமா, சுமார் 20 ஆயிரம் வாக்குகளுடன் மூன்றாமிடம் பெற்றார். 2021-இல் காங்கிரஸ் தலைமையிலான அணி ஆதரித்தது. 7,491 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வேட்பாளரும் அவர்தான், தொகுதியும் அதுதான். அணிபலம் மட்டுமே கூடியது. அந்த பலத்தைத் தர மறுத்துவிட்டு, செல்வாக்கு இல்லை என்று பழிப்பது என்ன நியாயம்?

காங்கிரஸை மட்டும் குறை கூறுவதும் சரியாகாது. 1987-இல் கௌரியம்மாவே முதல்வர் என்ற முழக்கத்தோடு இடதுசாரிகள் வாக்குக் கேட்டனர். வென்றபின் முதல்வரானவர் ஈ.கே. நாயனார். 2021-இல் 60,963 வாக்கு வித்தியாசத்தில் வென்ற கே.கே. சைலஜாவுக்குப் புதிய அமைச்சரவையில் இடமில்லை.

உள்ளாட்சி அமைப்புகளில் 2010 தேர்தல் முதல் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியுள்ள மாநிலம் கேரளம். ஆண்களைவிடப் பெண் வாக்காளர்களே அங்கு அதிகம். ஆயினும், 140 பேர் கொண்ட பேரவைக்கு 1996-இல் 13 பெண்கள் தேர்வாயினர். கால் நூற்றாண்டுக்குப் பின் 2021-இல் 11 பேர். அவர்களில் காங்கிரஸ் கட்சியினர் ஒருவர்கூட இல்லை. (அதே ஆண்டு தமிழகத்தில் 234 பேரில் 12 பெண்கள் என்பதால் அண்டை மாநிலத்தைப் பார்த்து நாம் நகைக்க இயலாது.)

மகளிர் இடஒதுக்கீடு மசோதா முதலில் மக்களவைக்கு வந்தது 1996-இல். மாநிலங்களவை 2010-இல் நிறைவேற்றியது, மக்களவையில் முடங்கியது. 2023-இல் ஒருவழியாக நிறைவேறிய சட்டமும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை என்ற இரண்டு நிபந்தனைகளோடுதான் வந்தது. ஆனால், பட்டியலில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் கட்சிகளைத் தடுக்கவில்லை.

ஒடிசாவில் பிஜு ஜனதா தளம் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. 2019 மக்களவைத் தேர்தலில் 21 தொகுதிகளில் ஏழில் பெண்களை நிறுத்தியது, ஐவர் வென்றனர். அவர்களில் ஒருவரான பிரமிளா பிசோயி, கிராமத்து மகளிர் சுயஉதவிக் குழுவில் உழைத்து வந்தவர். அன்றைய முதல்வர் நவீன் பட்நாயக்கின் செல்வாக்கு மிகுந்த அஸ்கா தொகுதி அவருக்கு அளிக்கப்பட்டது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றார். கேரளத்தின் குடும்பஸ்ரீ குழுக்களில் இருக்கும் பெண்கள் 40 லட்சத்துக்கும் அதிகம். வேட்பாளர் கிடைக்கவில்லை என்று திருவனந்தபுரத்தில் எந்தக் கட்சியும் இனிச் சொல்ல முடியாது.