நாணயத்துக்குச் சான்று கூறுவோர் யார்?

தமிழிலே நாணயம் என்னும் சொல் இரு பொருள் தருவது. கையில் வாங்கிக் கையில் கொடுக்கும் காசும் நாணயம். கொடுத்த வாக்கைக் காக்கும் நேர்மையும் நாணயம். கல்முனைக் கடைத்தெருவில் ஒருவரை நாணயமானவர் என்று சொன்னால், அவரிடம் காசு மிகுதியாக உண்டென்று எவரும் பொருள்கொள்வதில்லை. அவர் சொல்லை நம்பலாம் என்றே கொள்வர். காசின் நாணயத்தையும் மனிதரின் நாணயத்தையும் ஒருங்கே சோதிக்க வேண்டிய நிலை ஒன்று அண்மைக் காலத்தில் நம் கரையோரத்துக்கும் வந்துள்ளது. அதுபற்றி இம்மலரில் சில கூற விழைகின்றோம்.

பழங்காசும் தபால் முத்திரையும் சேகரித்தல் நம் மாணவரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் நல்ல பழக்கம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய எவ்வூரை எடுத்துக்கொண்டாலும் இப்பழக்கமுடையோர் சிலர் இருப்பர். ஒரு வீட்டிலே பாட்டனார் விட்டுச்சென்ற ஒல்லாந்தர் செப்புக்காசு. வேறொரு வீட்டிலே விக்டோரியா இராணியின் தலை பொறித்த சதக்காசு. மற்றொரு வீட்டிலே வளைகுடா நாடுகளில் உழைத்தவர் எழுதிய கடிதங்களிலிருந்து வெட்டியெடுத்த முத்திரைகள். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி இக்கரையை அழித்தபோது மனிதரோடு வீடுகளும், வீடுகளோடு இத்தகைய பழம்பொருள்களும் போயின. எஞ்சியவை சிலவே. ஆதலின் அவற்றின் மதிப்பைப் பணத்தால் மட்டும் அளந்துவிட முடியாது.

இச்சேகரிப்பாளரை நாடி இன்று இணையத்தின் வழியே புதிய சான்றளிப்பு நிலையங்கள் வருகின்றன. உங்கள் பொருளின் படத்தை அனுப்புங்கள், உண்மையோ போலியோ என நாங்கள் சொல்கின்றோம், சான்றிதழும் தருகின்றோம், முதற்பொருளுக்குக் கட்டணம் இல்லை என்பது அவற்றின் அழைப்பு. மனிதர் கண்ணும் வேண்டா, கணினியே பார்த்துத் தீர்ப்புக் கூறும் என்போரும் உளர். அழைப்பு இனிதுதான். அழைப்பவர் யாவர், எதனைக் கொண்டு தீர்ப்புக் கூறுகின்றனர் என்பதையே நாம் கேட்டறிதல் வேண்டும்.

புதியது என்ற காரணத்தால் ஒன்றைத் தள்ளுதல் அறிவுடைமையாகாது. இலண்டன் றோயல் தபால் முத்திரைச் சங்கத்தின் நிபுணர் குழு 1894இல் தொடங்கப்பட்டபோது அதுவும் புதியதே. மேலும், கல்முனையில் இருக்கும் ஒருவர் தம் காசை நிபுணர் ஒருவரிடம் காட்ட விரும்பினால் இரவு முழுதும் பேருந்தில் இருந்து கொழும்புக்குச் செல்லவேண்டும். ஏழை மாணவனுக்கு அது எளிதன்று. ஆகவே, தொலைவிலிருந்தே உதவ ஒருவர் முன்வருவாராயின் அவ்வுதவி வரவேற்கத் தக்கதே. எனினும் உதவி என்ற பெயர் ஒன்றே நம்பிக்கைக்குப் போதிய காரணம் ஆகிவிடாது.

பொருளைச் சோதித்துத் தரம் கூறும் தொழில் தமிழருக்குப் பழையது. பொன்னையும் மணியையும் காசையும் நோட்டம் பார்ப்போனை நம் முன்னோர் வண்ணக்கன் என்றனர். சங்கப் புலவருள் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்பார் ஒருவர். ஈரோட்டுக்கு அருகிலுள்ள அறச்சலூரிலே கண்டெடுக்கப்பட்ட பழந்தமிழ்க் கல்வெட்டில் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்ற பெயர் காணப்படுகின்றது. அவன் தன் பெயரையும் தொழிலையும் மறைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துக் கல்லிலே பொறித்து வைத்தான். வண்ணக்கர் என்னும் சொல் நம் கிழக்குக் கரையிலே இன்றும் உயிரோடு உளது. ஆலயத்தின் பொருளையும் கணக்கையும் காக்கும் பொறுப்பாளரை நாம் அப்பெயரால் அழைக்கின்றோம். பள்ளிவாசல்களில் மரைக்காயர்மாரும் அவ்வாறே பொறுப்பேற்று நிற்பர். இவர்களை ஊர் நம்புவது பட்டத்துக்காக அன்று. இன்னார் என ஊருக்குத் தெரியும்; கணக்கைக் கேட்டால் காட்டக் கடமைப்பட்டவர் என்பதும் தெரியும். நகைக்கடையிலும் இதுவே முறை. நகைக்கு உரியவரின் கண்முன்னே வைத்துத்தான் பொன்னை உரைகல்லில் தேய்ப்பர். கோடு இருவர் கண்ணுக்கும் தெரியும்.

இம்முறையைக் கைவிட்டால் நேர்வது என்ன என்பதற்கு அயல்நாட்டு வரலாற்றிலே இரண்டு சான்றுகள் உள்ளன.

ஜீன் டி ஸ்பெராட்டி என்பவர் இத்தாலியிற் பிறந்து பிரான்சில் வாழ்ந்தவர். போலி முத்திரை செய்வதில் இணையற்ற கைத்திறன் உடையவர். 1942இல் அவர் லிஸ்பன் நகருக்கு அனுப்பிய முத்திரைகளைச் சுங்க அதிகாரிகள் தடுத்து வைத்தனர். நிபுணர்கள் அவற்றை ஆராய்ந்து விலையுயர்ந்த உண்மை முத்திரைகள் என்றனர். அவை தாமே செய்த போலிகள் என்று ஸ்பெராட்டி வாதாட வேண்டியதாயிற்று! நிபுணர் சொல்லும் பிழைபடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. ஆயின் இவ்வரலாற்றின் பிற்பகுதியே நாம் கருதத்தக்கது. 1950களில் பிரித்தானிய முத்திரைச் சங்கம் ஒன்று அவருடைய கைச்சரக்கை விலைகொடுத்து வாங்கியது. வாங்கியதைப் பூட்டி வைக்காமல், எந்த முத்திரையில் எந்தக் கோடு வேறுபடுகின்றது என்று படங்களோடு விளக்கி நூலாக வெளியிட்டது. அதன்பின் எந்தச் சேகரிப்பாளனும் தன் முத்திரையைத் தானே ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. இழந்த நம்பிக்கையை அறிவைப் பொதுவாக்கியதன் மூலம் மீட்டனர்.

மற்றொன்று அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வைத்து வழங்கப்பட்ட ஆட்டக்காரர் பட அட்டைகளுள் ஹோனஸ் வாக்னர் என்பாரின் அட்டை மிக அரியது. அதன் பிரதியொன்றை 1991இல் ஐஸ் ஹொக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி மற்றொருவருடன் சேர்ந்து 4,51,000 டொலருக்கு வாங்கினார். அவ்வாண்டிலேயே தோன்றிய பி.எஸ்.ஏ. என்னும் புதிய சான்றளிப்பு நிறுவனம் தன் முதல் இலக்கச் சான்றை அவ்வட்டைக்கே வழங்கி, பத்துக்கு எட்டு என்று தரமிட்டது. புதிய நிறுவனத்துக்கு அதனாற் பெரும்புகழ் கிட்டியது. 2007இல் அவ்வட்டை 28 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. 2013இல், அதனை முன்னர்க் கைமாற்றிய வணிகர் பில் மஸ்ட்ரோ, அட்டையின் ஓரங்களை வெட்டிச் சீராக்கியவர் தாமே என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். இருபத்திரண்டு ஆண்டுகளாக மக்கள் நம்பியது ஓர் எண்ணையும் ஒரு பிளாஸ்டிக் உறையையுமே. அவ்வெண் எவ்வாறு பெறப்பட்டது என்பதற்கு விளக்கம் உறையின்மீது இல்லை.

இவ்விரு வரலாறுகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் எமது கருத்து விளங்கும். பிழை இரண்டிடத்தும் நேர்ந்தது. ஓரிடத்தில் அறிந்ததை அனைவர் முன்னும் விரித்து வைத்தனர். மற்றோரிடத்தில் தீர்ப்பு மட்டுமே வெளிவந்தது, காரணம் உள்ளே தங்கிவிட்டது. சான்றளிப்பவர் பிழை செய்யாதவராக இருத்தல் வேண்டும் என்று யாம் கேட்கவில்லை. அது மனிதரால் இயலாது. பிழை நேர்ந்தால் அதனைப் பிறர் கண்டுபிடிக்கக்கூடிய வகையில் அவர் தொழில் திறந்திருத்தல் வேண்டும் என்றே கேட்கின்றோம். காரணம் கூறாத சான்றிதழ் வெறுங்கடதாசி.

படத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறுவோர் விடயத்தில் இக்கேள்வி மேலும் கூர்மையாகின்றது. இலங்கையின் முதல் தபால் முத்திரை 1857ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாம் நாள் வெளிவந்த ஆறு பென்ஸ் முத்திரை. 1859இல் வெளிவந்த மங்கிய றோசா நிற நான்கு பென்ஸ் முத்திரையே நம் நாட்டு முத்திரைகளுள் மிக அரியதாகப் போற்றப்படுவது. அதன் ஓரங்களில் துளைகள் இல்லை. துளையுடன் பின்னர் வந்த முத்திரையின் ஓரத்தை வெட்டிவிட்டால் பார்வைக்கு முந்தியதுபோலத் தோன்றும். அக்கால முத்திரைத் தாளில் நட்சத்திர நீர்க்குறி உண்டு. அது முகப்புப் படத்திலே தெரியாது. காசும் அவ்வாறே. எடை, விளிம்பில் வார்ப்பின் தடம், உலோகத்தின் அடர்த்தி ஆகியவற்றைப் படம் எங்ஙனம் காட்டும்? இவற்றைப் பாராமல் ‘உண்மை’ என்பவரும் ‘போலி’ என்பவரும் ஊகமே கூறுகின்றனர். ஊகம் கூறுதல் குற்றமன்று. ஊகத்தைச் சான்றிதழாக விற்றல் குற்றம்.

ஆகவே, அழைப்பு வந்தவுடன் நம்மவர் கேட்கவேண்டிய கேள்விகள் ஐந்து. முதலாவது, பொருளைப் பார்ப்பவரின் பெயர் யாது, அவர் எங்குக் கற்றவர், எங்கு இருப்பவர்? இரண்டாவது, தீர்ப்போடு அதற்குரிய காரணத்தையும் எழுத்திலே தருவாரா? மூன்றாவது, அவரோ அவரைச் சார்ந்தவரோ அத்தகைய பொருளை வாங்கி விற்பவரா? போலி என்று கூறிவிட்டு, ஆயினும் ஒரு சிறுதொகைக்கு எடுத்துக்கொள்கின்றேன் என்பவரிடம் எச்சரிக்கை மிக வேண்டும். பொருளின் மதிப்பு ஏற ஏறக் கட்டணமும் ஏறுமாயின், மதிப்பை ஏற்றிக் கூறுவதில் அவருக்கு ஊதியம் உண்டு என்பதையும் மறத்தல் ஆகாது. நான்காவது, தீர்ப்புப் பிழையென்று பின்னர் வெளிப்பட்டால் இழப்பை ஈடுசெய்வார் யார்? முன்னைய பிழைகளை அவர் வெளியிட்டதுண்டா? ஐந்தாவது, பொருளை அனுப்பச் சொன்னால், அது திரும்பி வரும்வரை பொறுப்பு யாருடையது?

ஐந்தாவது கேள்வியோடு நாட்டின் சட்டமும் தொடர்புடையது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, தொல்பொருளை அனுமதிப்பத்திரம் இன்றி வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது. சோதிப்பதற்காகத்தானே அனுப்புகின்றோம் என்று எண்ணிப் பழங்காசைத் தபாலில் இடுபவர் தம்மை அறியாமலே சட்டத்துக்கு மாறாக நடந்தவராவர். இதனைச் சேகரிப்பாளருக்கு முன்கூட்டியே கூறாத வெளிநாட்டு நிலையம், அவர் நலத்தைக் கருதும் நிலையம் ஆகாது.

இது சிலரின் பொழுதுபோக்குத்தானே, இதற்கு இத்துணை விசாரம் எதற்கு என்று கேட்பாரும் உளர். காசு வரலாற்றின் சாட்சி என்பதை அவர்கள் நினைத்தல் நன்று. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசுகளிலே படுத்திருக்கும் இடபத்தின்கீழ்ச் சேது என்னும் தமிழ்ச்சொல் பொறிக்கப்பட்டிருக்கின்றது. இத்தீவில் தமிழரசு நாணயம் அடித்து வழங்கியது என்பதற்கு அச்சிறு செப்புத் துண்டைவிடத் தெளிவான சான்று வேறு என்ன வேண்டும்? எச். டபிள்யூ. கொட்றிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கைக் காசுகள் பற்றிய ஆங்கில நூலும், தமிழகத்திலே இரா. கிருஷ்ணமூர்த்தி 1997இல் வெளியிட்ட சங்ககாலத் தமிழ் நாணயங்கள் பற்றிய ஆங்கில நூலும் இத்தகைய சிறு காசுகளை ஆதாரமாகக் கொண்டே எழுந்தன. போலிக்காசு ஒன்றுக்கு உண்மையென்று சான்று கிடைத்தால் வரலாற்றிலே பொய் நுழைகின்றது. உண்மைக்காசு ஒன்று போலியென்று தள்ளப்பட்டால் மெய் ஒன்று நம் கையை விட்டுப் போகின்றது. தமிழ்பேசும் முஸ்லிம்களும் இந்துக்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் இக்கரையின் பழைய வாணிகத்தை எழுதவேண்டியவர் நாளை வருவர். அவருக்கு நாம் விட்டுச்செல்லும் சாட்சி பொய்ச்சாட்சியாதல் கூடாது.

நம் பழைய மாணவர் பலர் இன்று வங்கிகளிலும் நீதிமன்றங்களிலும் தபால் நிலையங்களிலும் நூதனசாலைகளிலும் கடமைபுரிகின்றனர். கடல்கடந்து வாழ்வோரும் பலர். அவர்களிடம் யாம் வேண்டுவது பெரிதன்று. கல்லூரியில் ஆண்டுக்கு ஒருமுறை, அயலூர்ப் பாடசாலை மாணவரையும் அழைத்து, ஒரு நாள் ஒதுக்குவோம். ஒரு நுண்தராசு, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, முத்திரைத் துளையளவி ஆகியன போதும். ஒவ்வொரு காசுக்கும் எடை, விட்டம், இருபுறப் படம், யாரிடமிருந்து எவ்வாறு கிடைத்தது என்னும் செய்தி ஆகிய நான்கையும் பதிவேட்டில் எழுதிவைப்போம். உண்மையென்றோ போலியென்றோ அன்று தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. பதிவு இருந்தால், பின்னர் எந்த நிபுணர் வந்தாலும் அவர் சொல்லை அதனோடு ஒத்துப் பார்க்கலாம். பொருள் கைமாறினாலும் அடையாளம் மாறாது. புதிய நிலையங்களும் அன்று வரட்டும். தங்கள் முறையைப் பலர் முன்னிலையில் விளக்கட்டும். விளக்க முன்வருபவரை நம்பிக்கையோடு வரவேற்போம். விளக்க மறுப்பவரை வணக்கம் கூறி அனுப்பிவைப்போம்.